ஓர் ஊரின் ஆம்புலன்ஸ், வீட்டுச் செவிலியர் சேவைகளின் வரலாற்றைத் தேடுவது எப்படி: இங்கிலாந்தும் வேல்ஸும், 1930–1974

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு குறிப்பிட்ட ஊரில் ஆம்புலன்ஸ் வண்டியை யார் ஓட்டினார்கள், நோயாளியின் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்ட செவிலியருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள், பெரும்பாலும் அந்த ஊர் மருத்துவமனையின் ஆவணங்களிலிருந்தே தேடலைத் தொடங்குகிறார்கள். அங்கே கிடைப்பது மிகக் குறைவு. 1948 முதல் 1974 வரை இவ்விரு சேவைகளும் மருத்துவமனைகளின் பொறுப்பில் இல்லை. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தன. அதற்கு முந்தைய காலத்தில் அவற்றில் பெரும்பகுதி தொண்டுச் சங்கங்களின் கையில் இருந்தது. எனவே மன்றத்தின் ஆவணங்களையும் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களையும் முதலில் பார்த்துவிட்டு, மருத்துவமனை ஆவணங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே சரியான வரிசை.

ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன், உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த மன்றத்தின் கீழ் இருந்தது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 1946-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம் 1948 ஜூலை 5 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதன் மூன்றாம் பகுதி கவுண்டி (பெரிய நிர்வாகப் பகுதி) மன்றங்களையும், கவுண்டியிலிருந்து தனித்து இயங்கிய பெரிய நகரங்களான கவுண்டி பரோக்களின் மன்றங்களையும் உள்ளூர் சுகாதாரப் பொறுப்பாளர்களாக ஆக்கியது. சட்டத்தின் 23-ஆம் பிரிவு வீட்டில் நடக்கும் பேறுகாலத்துக்கான மருத்துவச்சி சேவையையும், 24-ஆம் பிரிவு குழந்தை பிறந்த வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரப் பார்வையாளரையும், 25-ஆம் பிரிவு வீட்டுச் செவிலியர் சேவையையும், 27-ஆம் பிரிவு ஆம்புலன்ஸையும், 29-ஆம் பிரிவு வீட்டு வேலைகளுக்கான உதவியாளரையும் குறித்தன. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அக்கால அறிக்கைகளும் குழு நடவடிக்கைக் குறிப்புகளும் தலைப்புகளைப் பல இடங்களில் இந்தப் பிரிவு எண்களாலேயே சுட்டுகின்றன. ‘25-ஆம் பிரிவு’ என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு பக்கத்தை, விவரம் தெரியாதவர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

சிறிய ஊர்களுக்குப் பொறுப்பு கவுண்டி மன்றத்தைச் சேர்ந்தது. பிரிஸ்டல், நாரிச் போன்ற கவுண்டி பரோக்கள் தம் எல்லைக்குள் தாமே பொறுப்பேற்றன. லண்டனில் 1965 வரை லண்டன் கவுண்டி மன்றம் இரண்டையும் கவனித்தது. அந்த ஆண்டின் மறுசீரமைப்பில் ஆம்புலன்ஸ் பெருநகர லண்டன் மன்றத்துக்கும், வீட்டுச் செவிலியர் சேவை தனித்தனி லண்டன் பரோக்களுக்கும் போய்விட்டன. ஆகவே 1964 வரை ஒரே அறிக்கையில் இருந்த செய்திகளை 1965 முதல் இரண்டு இடங்களில் தேட வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது: அங்கே 1947-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி ஆம்புலன்ஸ் உள்ளாட்சிகளின் பொறுப்பாக ஆக்கப்படாமல், செயின்ட் ஆண்ட்ரூ அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து நடத்திய சேவையின் வழியாக நாடு முழுவதற்கும் அளிக்கப்பட்டது.

உங்கள் தேடல் 1948-க்கு முந்தைய ஆண்டுகளைத் தொடுமானால், ஒரே ஊரில் நான்கைந்து பேர் ஆம்புலன்ஸ் வைத்திருந்திருக்கக்கூடும் என்பதை எதிர்பார்த்தே செல்லுங்கள். ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளும் அதிகாரம் மன்றங்களுக்கு இருந்தது. வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தொற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு வண்டி, தீயணைப்புப் படையிடமோ காவல்துறையிடமோ விபத்துகளுக்காக ஒன்று, முதலுதவித் தொண்டர்களின் அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படைப்பிரிவிடம் ஒன்று, பெரிய தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இன்னொன்று என்று அவை சிதறிக் கிடந்தன. முதல் உலகப் போர் முடிந்தபின் 1919-இல் செயின்ட் ஜான் அமைப்பும் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமும் போரில் பயன்பட்ட வண்டிகளைக் கொண்டு தொடங்கிய கூட்டு ஆம்புலன்ஸ் சேவைதான் கிராமப்புறங்களில் நோயாளிகளை ஏற்றிச் சென்றதில் பெரும்பங்கு வகித்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1937-ஆம் ஆண்டின் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சட்டத்தின் கீழ் மன்றங்கள் துணை ஆம்புலன்ஸ் நிலையங்களை அமைத்தன. அவை தற்காலிகமானவை, ஆனால் அவற்றின் ஆவணங்கள் குடிமக்கள் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் என்பதால், ‘ஆம்புலன்ஸ்’ என்று மட்டும் தேடுகிறவர் கண்ணில் அவை படாமல் போகலாம்.

வீட்டுச் செவிலியர் சேவையின் வேர் இன்னும் பழையது. லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதி நோயில் பணிபுரிந்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை 1859-இல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்து இந்த மரபு கணக்கிடப்படுகிறது. விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்குத் திரண்ட பணத்தில் 1887-இல் தோன்றிய நிறுவனம், 1928 முதல் குயின்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிஸ்ட்ரிக்ட் நர்ஸிங் என்ற பெயரில் பயிற்சியையும் மேற்பார்வையையும் நடத்தியது. ஆனால் ஊரில் செவிலியரை வேலைக்கு அமர்த்தியது அந்த நிறுவனம் அன்று. உள்ளூர்ச் செவிலியர் சங்கம். இந்தச் சங்கங்கள் குடும்பங்களிடம் வாரத்துக்குச் சில பென்னிகள் சந்தா வாங்கியும், விருந்தும் விழாவும் நடத்தியும் பணம் திரட்டின. பல சங்கங்களுக்கு மேலே கவுண்டிச் செவிலியர் சங்கம் ஒன்று இருந்தது. தனியார் தோட்டங்களைப் பொதுமக்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்கத் திறந்துவிடும் நாடறிந்த திட்டம் 1927-இல் இந்தச் செவிலியர்களுக்குப் பணம் சேர்க்கவே தொடங்கப்பட்டது. எனவே காப்பகப் பட்டியலில் ‘டிஸ்ட்ரிக்ட் நர்ஸிங் அசோசியேஷன்’ என்ற தொடரோடு ஊரின் பெயரை மட்டும் சேர்த்துத் தேடாமல், பக்கத்துப் பாரிஷ்களின் (சிற்றூர்ப் பகுதிகளின்) பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டு மூன்று கிராமங்கள் சேர்ந்து ஒரே செவிலியரை வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அந்தச் செவிலியரே மருத்துவச்சியாகவும் இருந்திருப்பார். 1936-ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளாட்சிகள்மீது சுமத்தியபின், மன்றம் சங்கத்துக்குப் பணம் கொடுத்து அவரையே பயன்படுத்திக்கொண்டதைக் கணக்குகளில் காணலாம்.

இனி 1948-க்குப் பிந்தைய தேடலின் முதுகெலும்புக்கு வருவோம். ஒவ்வொரு மன்றத்தின் தலைமைச் சுகாதார அதிகாரியும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆம்புலன்ஸ், வீட்டுச் செவிலியர், மருத்துவச்சி, தடுப்பூசி என்று எல்லாவற்றின் எண்களும் அதில் அட்டவணைகளாக இருக்கும். லண்டன் பகுதியின் அறிக்கைகளை 1848 முதல் 1972 வரை மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் நூலகம் மின்வடிவாக்கி எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. பிற பகுதிகளின் அறிக்கைகள் பலவும் அதே வழியில் இணையத்தில் கிடைக்கின்றன. இணையத்தில் இல்லாதவை கவுண்டி ஆவணக் காப்பகத்திலோ ஊரின் மைய நூலகத்து உள்ளூர் வரலாற்றுப் பிரிவிலோ அச்சுப் பிரதிகளாக இருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நகர மாவட்டங்களுக்கும் ஊரக மாவட்டங்களுக்கும் கவுண்டி அல்லாத பரோக்களுக்கும்கூட (கவுண்டி மன்றத்தின் கீழ் இருந்த நகரங்கள்) தனித்தனிச் சுகாதார அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களும் ஆண்டறிக்கை எழுதினார்கள். உங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய அந்த அறிக்கையைக் கண்டதும் தேடியது கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அது குடிநீர், கழிவுநீர், வீட்டுவசதி, உணவுப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றியே விரிவாகப் பேசும். ஆம்புலன்ஸும் செவிலியரும் கவுண்டியின் சேவைகள் என்று ஒரே பத்தியில் முடித்துவிடும் அறிக்கைகளே மிகுதி. அந்தப் பத்தி பயனற்றதன்று. நிலையம் எந்தத் தெருவில் இருந்தது, தொலைபேசி எண் என்ன, செவிலியர்கள் எங்கே தங்கியிருந்தார்கள் என்பதெல்லாம் சில சமயம் அதில்தான் கிடைக்கும். எண்களுக்கோ கவுண்டி அறிக்கையைத்தான் திறக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின், 60,000-க்கு மேல் மக்கள்தொகை கொண்ட சில பரோக்களும் மாவட்டங்களும் வீட்டுச் செவிலியர் போன்ற சேவைகளின் நிர்வாகத்தைக் கவுண்டியிடமிருந்து ஒப்படைப்பாகப் பெற்றதையும் நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய ஊர்களில் 1960-களின் எண்கள் மறுபடியும் ஊர் அறிக்கைக்குத் திரும்பிவிடும்.

எல்லா ஆண்டுகளின் அறிக்கைகளையும் படிக்க நேரமில்லையென்றால் 1948, 1952 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளை மட்டுமாவது முழுமையாகப் படியுங்கள். முதலாவது, மாற்றம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லும். சேவைகள் தொடங்கிய காலத்திலிருந்து எப்படி இயங்கின என்று ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டு எழுதுமாறு அமைச்சகம் கேட்டுக்கொண்டதால், 1952-இன் அறிக்கைகள் பலவற்றில் வழக்கமான அட்டவணைகளுக்கு அப்பால் நீண்ட விளக்கமும் இருக்கிறது. தம் பணியைப் பற்றிய அதிகாரியின் பெருமிதமும் எரிச்சலும் அதில் சற்றே வெளிப்படும். அட்டவணைகளில் அது ஒருபோதும் வெளிப்படாது.

எண்களைப் படிப்பதில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆம்புலன்ஸ் அட்டவணையில் நோயாளிகள், பயணங்கள், மைல்கள் என்று மூன்று வகைக் கணக்குகள் வரும். ‘நோயாளிகள்’ என்ற நெடுவரிசையில் உள்ளது தனித்தனி மனிதர்களின் எண்ணிக்கை அன்று. வாரம் இருமுறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குச் சென்று திரும்பிய ஒரே மூதாட்டி, ஏற்றப்பட்ட ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணப்பட்டிருப்பார். எனவே, ‘ஊர் மக்களில் பாதிப்பேர் ஆம்புலன்ஸில் சென்றார்கள்’ என்ற வகை முடிவுக்கு எவரும் தாவக் கூடாது. மைல்களை நோயாளிகளால் வகுத்துப் பார்ப்பது பயனுள்ள கணக்கு. ஓர் எடுத்துக்காட்டாக, ஓராண்டில் 40,000 நோயாளிகளும் 2,40,000 மைல்களும் பதிவாகியிருந்தால் ஒருவருக்குச் சராசரியாக 6 மைல். நோயாளிகள் பெருக, இந்தச் சராசரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால், ஒரே வண்டியில் பலரைச் சேர்த்து ஏற்றும் ஒழுங்கு மேம்பட்டிருக்கலாம். வானொலித் தொடர்புக் கருவி வண்டிகளில் பொருத்தப்பட்ட ஆண்டு அதே அறிக்கையில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சராசரி ஏறினால், அருகிலிருந்த சிறிய மருத்துவமனை மூடப்பட்டதா, சிறப்புச் சிகிச்சை தொலைவிலுள்ள நகரத்துக்கு மாற்றப்பட்டதா என்று தேடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படுத்தபடி செல்ல வேண்டிய நோயாளிகளுக்கான ஆம்புலன்ஸும் உட்கார்ந்து செல்லக்கூடியவர்களுக்கான காரும் சில அறிக்கைகளில் தனித்தனியாகவும் சிலவற்றில் சேர்த்தும் கணக்கிடப்பட்டுள்ளன. இவற்றோடு மருத்துவமனைக் கார் சேவை என்ற பெயரில், தொண்டர்கள் தங்கள் சொந்தக் கார்களில் மைல் கணக்குப்படி செலவுத்தொகை மட்டும் பெற்றுக்கொண்டு நோயாளிகளை ஏற்றிச் சென்றார்கள். 1948-க்குப் பின் கட்டணம் இல்லாத சேவையாக ஆனதும் தேவை வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் கணிசமான பங்கு புறநோயாளிகளை ஏற்றி இறக்கியதில் வந்தது. ஆம்புலன்ஸ் என்றாலே விபத்தும் மணியோசையும் நம் நினைவுக்கு வருகின்றன. அட்டவணைகள் காட்டும் உண்மை வேறு: அந்த ஊழியர்களின் நாளின் பெரும்பகுதி, நடக்க இயலாதவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதிலேயே கழிந்தது.

வீட்டுச் செவிலியர் அட்டவணையில் இரண்டு எண்கள் முக்கியம்: கவனிக்கப்பட்ட நோயாளிகள், வீட்டுக்குச் சென்ற தடவைகள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை வருகைகள் என்பது கிடைக்கும். அது உயர்ந்துகொண்டே போனால் நாட்பட்ட நோயாளிகளும் முதியவர்களும் பெருகியிருக்கிறார்கள் என்று கருதலாம். பல அறிக்கைகள் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகக் காட்டுகின்றன என்பதால் அதைச் சரிபார்த்தும் கொள்ளலாம். 1950-களின் தொடக்கத்து அறிக்கைகளில் ஊசி போடுவதற்காக மட்டுமே நிகழ்ந்த வருகைகளைத் தனி வரிசையில் காண்பீர்கள். பென்சிலினும், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினும், நீரிழிவுக்கான இன்சுலினும் செவிலியரின் பையில் ஊசிக்குழலை முதன்மைக் கருவியாக்கிய காலம் அது. வாய்வழி மருந்துகள் பரவிய பிறகு அந்த வரிசை குறைவதும் தெரியும். பணி குறைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குளிப்பாட்டுவதும் படுக்கைப் புண்ணைப் பராமரிப்பதும் ஒரு ஊசியைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும், ஆனால் அட்டவணையில் இரண்டும் ஒரே ‘வருகை’தான்.

அறிக்கையின் எண்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலானவை. மன்றத்தின் வரவு செலவோ ஏப்ரல் முதல் மார்ச் வரையிலானது. ஒன்றை மற்றொன்றால் வகுத்து ‘ஒரு மைலுக்கு இவ்வளவு செலவு’ என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்று மாத இடைவெளியை ஓர் அடிக்குறிப்பிலாவது தெரிவிக்க வேண்டும். செலவில் ஏறத்தாழப் பாதியை மைய அரசு மானியமாகத் திருப்பித் தந்தது என்பதும், 1959 முதல் இந்தத் தனி மானியம் பொது மானியத்தில் கரைந்துவிட்டது என்பதும் நிதிக்குழு விவாதங்களைப் புரிந்துகொள்ள உதவும்.

அறிக்கை என்ன நடந்தது என்பதைச் சொல்லும். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு மன்றத்தின் சுகாதாரக் குழு நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். இவற்றுள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது, 1946 சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி மன்றம் அமைச்சருக்கு அனுப்பிய செயல்திட்டம். எத்தனை வண்டிகள், எத்தனை நிலையங்கள், எத்தனை செவிலியர்கள், எதைத் தானே நடத்தப்போகிறது, எதைத் தொண்டு அமைப்பிடம் விடப்போகிறது என்பதெல்லாம் அதில் ஓரிடத்தில் இருக்கும். சட்டம் இரண்டு வழிகளையும் அனுமதித்தது. சில மன்றங்கள் செயின்ட் ஜான், செஞ்சிலுவை வண்டிகளையும் ஊழியர்களையும் முதல் நாளிலேயே தம் கீழ்க் கொண்டுவந்தன. வேறு சில, பழைய அமைப்புகளையே முகவர்களாக நீடிக்க விட்டு, ஆன செலவைக் கொடுத்தன. லண்டன் கவுண்டி மன்றமே வீட்டுச் செவிலியர் பணியைத் தொண்டுச் சங்கங்களின் வழியாகத்தான் நடத்தியது. எந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது உங்கள் தேடலின் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கும்: முகவர் முறை நீடித்த ஊரில் ஊழியர் பெயர்களும் பணிப் பட்டியல்களும் மன்றத்திடம் இருக்க வாய்ப்பில்லை. பிந்தைய காலத்துக்கு, 1963-இல் அரசு வெளியிட்ட சமூகப் பராமரிப்பு பற்றிய வெள்ளை அறிக்கை கைகொடுக்கும். ஒவ்வொரு மன்றத்தின் பத்தாண்டுத் திட்டமும் அதில் இருப்பதால் உங்கள் ஊரை அண்டை ஊர்களோடு ஒப்பிடலாம்.

தனி மனிதர்களைத் தேடுகிறவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. குயின்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் ஆவணங்கள் லண்டனிலுள்ள வெல்கம் நூலகத்தில் இருக்கின்றன. அதன் செவிலியர் பதிவேடு 1891 முதல் 1931 வரையில் குடும்ப வரலாற்று இணையதளம் ஒன்றில் கிடைக்கிறது. அதில் பயிற்சி பெற்ற இடம், பணியாற்றிய ஊர்கள், மேற்பார்வையாளரின் மதிப்பீடு ஆகியவை இருக்கும். ஆனால் எல்லா ஊர்ச் செவிலியர்களும் குயின்ஸ் செவிலியர்கள் அல்லர். குறுகிய பயிற்சியோடு பணிக்கு வந்த கிராமச் செவிலியர்கள் அந்தப் பதிவேட்டில் இல்லாமல் போகலாம் என்பதால், பெயர் காணவில்லை என்றதும் அவர் செவிலியரே அல்லர் என்று முடிவுகட்ட வேண்டாம். 1919-ஆம் ஆண்டின் சட்டப்படி உருவான அரசுச் செவிலியர் பதிவேட்டையும், 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். பின்னதில் ஒருவரின் தொழிலோடு, அவர் ஆம்புலன்ஸ் தொண்டராகவோ முதலுதவிப் பணியாளராகவோ இருந்தால் அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு இப்படியொரு தேசியப் பதிவேடு இல்லை. உள்ளூர் நாளிதழ்களின் வேலைவாய்ப்பு விளம்பரங்களே இங்கே சிறந்த சான்று: சம்பளம், பணிநேரம், முதலுதவிச் சான்றிதழ் கட்டாயமா, குடியிருப்பு தரப்படுமா என்பதெல்லாம் நான்கு வரிகளில் அடங்கியிருக்கும். 1960-களின் நடுப்பகுதி வரை முதலுதவிச் சான்றிதழே பல மன்றங்களில் தகுதியாகக் கருதப்பட்டது. நாடு தழுவிய பயிற்சி அளவுகோலை 1966-இல் வந்த மில்லர் குழுவின் அறிக்கைதான் முன்வைத்தது.

பழைய புகைப்படம் கிடைத்தால் வண்டியின் பதிவெண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அக்காலப் பதிவெழுத்துகள் கவுண்டிகளுக்கும் கவுண்டி பரோக்களுக்கும் தனித்தனியாக ஒதுக்கப்பட்டவை. எனவே வண்டி எந்த மன்றத்தில் பதிவானது என்று சொல்லிவிடலாம். 1963 முதல் எண்ணின் இறுதியில் ஆண்டைக் காட்டும் எழுத்தும் சேர்ந்தது: ஏ என்றால் 1963, பி என்றால் 1964, 1965-இன் சி முதல் அது நாடெங்கும் கட்டாயமானது. முன்புறத்தில் மணி தொங்குகிறதென்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்து வண்டி. இரட்டைத் தொனி ஒலிப்பான்கள் 1960-களில்தான் மணியின் இடத்தைப் பிடித்தன.

நோயாளிகளின் பெயர்கள் உள்ள வருகைப் பதிவேடுகளும் ஆம்புலன்ஸ் அழைப்புப் புத்தகங்களும் பொதுவாக 100 ஆண்டுகள் மூடி வைக்கப்படுகின்றன. 1950-களின் பதிவேட்டைக் கேட்டால் மறுப்பே வரும். காப்பகத்தினரோடு வாதாடுவதால் பயனில்லை. பெயர்களை நீக்கிய எண்ணிக்கையை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று எழுத்துமூலம் கேட்கலாம். அக்காலச் செவிலியர்களையோ ஓட்டுநர்களையோ நேர்காணல் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும்: அவர்கள் நினைவுகூரும் நோயாளியின் குடும்பம் இன்றும் அதே தெருவில் இருக்கக்கூடும்.

தேடலை 1974 மார்ச் 31-இல் நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் இரண்டு சேவைகளும் உள்ளாட்சியிடமிருந்து தேசிய சுகாதாரச் சேவையின் வட்டார அமைப்புகளுக்கு மாறின. தலைமைச் சுகாதார அதிகாரி என்ற பதவியும் அவருடைய ஆண்டறிக்கையும் அத்தோடு முடிந்தன. அதே நாளில் கவுண்டி எல்லைகளும் பல மாறியதால், பழைய மன்றத்தின் ஆவணங்கள் இன்று அண்டைக் கவுண்டியின் காப்பகத்தில் இருக்க வாய்ப்புண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் அவை எங்கே சேர்க்கப்பட்டுள்ளன என்று பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்குங்கள்.